ராஜா போட்ட சாலை

மறுநாள் முன்வரிசையில் நடக்க வேண்டிய பன்னிரண்டு பேரின் பெயரை மேஸ்திரி வாசித்தபோது சாரூனின் பெயர் ஏழாவதாக வந்தது. எட்டாவது பெயர் தூச்.

முன்வரிசை என்றால் என்ன என்று அந்த முகாமில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையில் ஒரு வெட்டுக்கத்தி, எதிரே புதர், புதருக்கு அடியில் யார் எப்போது புதைத்தார்கள் என்றே தெரியாத வெடி. மற்றவர்கள் முப்பது தப்படி பின்னால் வருவார்கள். போன வாரம் போன பன்னிரண்டு பேரில் ஏழு பேர்தான் சோற்றுக்குத் திரும்பினார்கள்.

மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் அரசாங்கம் அவர்களை வடக்கு எல்லையில் டாங்ரேக் மலையடிவாரத்துக்கு லாரியில் ஏற்றி வந்தது. எல்லையை அடைக்க வேண்டும், காட்டை வெட்டிப் பள்ளம் தோண்டி மூங்கில் முள் நட வேண்டும், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து துப்பாக்கிக்காரர்கள் இறங்கக்கூடாது. அறுவடை முடிந்த கையோடு வந்தவர்கள். ஏப்ரல் புத்தாண்டும் வந்து போய்விட்டது, மாற்று ஆட்கள் வரவில்லை. பிரேக் த்னோத் கிராமத்திலிருந்து வந்த நாற்பது பேரில் பத்தொன்பது பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. நான்கு பேரை வெடி. மிச்சம் இருந்தவர்களுக்கும் கண் மஞ்சள் பூத்து, பேச்சு குறைந்துவிட்டது.

மத்தியானம் விறகு பொறுக்கப் போன இடத்தில் தூச் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். தூச் என்றால் அவர்கள் பேச்சில் ‘சின்னவன்’ என்று அர்த்தம். பிறக்கும்போது சுண்டெலி மாதிரி இருந்தானாம். பிறகு, சகதியில் மாட்டிய வண்டியைத் தனி ஆளாகத் தோள் கொடுத்துத் தூக்கும் உடம்பு வந்துவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஐந்து மாதத்தில் அந்த உடம்பிலும் விலா எலும்பு தெரிந்தது.

“அண்ணே, நான் கிளம்பறேன்,” என்றான். “வர்றியா, இல்ல எட்டாவது ஆளா நின்னுக்கிட்டு ஏழாவது ஆளு வெடிக்கிறத நான் பார்க்கணுமா?”

“எப்படிப் போவே?”

“லாரி வந்த ரோட்டப் பிடிச்சு.”

“அதுல மூணு காவல் இருக்கு. போன மாசம் ஓடுன ரெண்டு பேரைக் கையக் கட்டித் திரும்பக் கூட்டிட்டு வந்தது அந்த ரோட்டுலதான்.”

“அப்ப மலையேறி அந்தப் பக்கம் போயிடுவோம். அங்க அகதி முகாம்ல அரிசி குடுக்கறானாம்.”

“ஏறி முடிக்கறதுக்குள்ள சுட்டுருவாங்க. நம்மாளு குறி தப்பினா அவங்காளு.”

“வேற என்னதான் செய்யச் சொல்றே? நாளைக்குக் குளிச்சு முழுகி, தலை சீவிட்டுப் போய் நிக்கட்டுமா?”

சாரூன் குனிந்து பார்த்தான். அவர்கள் நின்ற மேட்டுக்குக் கீழே ஒரு ஓடை வறண்டு கிடந்தது. தண்ணீர் இல்லை, வெள்ளை மணல் மட்டும் மரங்களுக்கு நடுவே தெற்கு நோக்கி வளைந்து போயிற்று. ஐந்து மாதமாக அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கும்போதெல்லாம் வாய்க்குள் ஒரு வாக்கியம் தானாக ஓடும். அதை அடக்கிக்கொள்வான். இன்று அது வெளியே வந்துவிட்டது.

“இந்த மலைக்குத் தெக்க விழற தண்ணி இங்க எல்லாமே ஸ்ரெங் ஆத்துக்குப் போகுது. ஸ்ரெங் ஆறு பெரிய ஏரியில விழுது. மணல்லயே நடந்தா ஏரிக்குப் போயிடலாம். அங்க மீன் படகு கிடைக்கும்.”

தூச் கண்ணைச் சுருக்கினான். “உனக்கு எப்படித் தெரியும்? பனை மேல ஏறிப் பார்த்தியா?”

பதினொரு வருஷமாகச் சாரூன் இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் இருந்தான். படித்தவன் என்று தெரிந்தால் கொல்லும் ஆட்சி வந்த அன்று, தென்கோடிக் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளமும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், கண்ணாடியைக் கிணற்றில் எறிந்துவிட்டுப் பனையேறி ஆனான். கேட்டவர்களிடம் எல்லாம், மாமனார் வீட்டில் பதநீர் இறக்குகிறவன் என்று சொன்னான். நாலு வருஷத்தில் அந்த ஆட்சியை மலைக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். மனைவி வண்ணியின் ஊரான பிரேக் த்னோத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இனிமேலாவது வாத்தியார் என்று சொல்லுங்கள் என்று வண்ணி எத்தனையோ தடவை சொன்னாள். அவனுக்கு வாய் வரவில்லை. போன பேய் திரும்பி வராது என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்? ஊர்ப் பதிவிலும் பனையேறி என்றே எழுதிக் கொடுத்தான்.

“நான் வாத்தியார்,” என்றான் சாரூன். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

தூச் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “அதான பார்த்தேன். பனையில ஏறும்போது பூனை மாதிரி கட்டிப் பிடிச்சுக்குவே. ஊரே சிரிக்கும். நல்லா ஏமாத்தினே, வாத்தியாரே.”

அன்றிலிருந்து அவனை அண்ணே என்று தூச் கூப்பிடவே இல்லை.

காவல்காரர்கள் சாப்பிட்டுக் கண் அயரும் நேரம் அது. இருவரும் மேட்டிலிருந்து சறுக்கி ஓடைக்குள் இறங்கினார்கள். இருபது தப்படிகூடப் போகவில்லை. ஒரு பெண் குரல் பின்னால் கேட்டது.

“என்னை விட்டுட்டுப் போனா கத்துவேன்.”

சமையல் கொட்டகையில் வேலை செய்யும் மலீஸ். முப்பது வயதிருக்கும். ஏரி மேல் வீடு கட்டி வாழும் மீன்பிடிக்காரர் வீட்டுப் பெண். புருஷன் பெயருக்கு வந்த அழைப்புக்கு அவளும் கூடவே வந்தாள். அவனைப் பிப்ரவரியில் புதைத்தாயிற்று. அவளை அனுப்பத்தான் யாருக்கும் ஞாபகமில்லை. தோளில் சிவப்புக் கட்டம் போட்ட கிரமாத் துண்டு, ஒரு கையில் தண்ணீர்க் கெண்டி, இன்னொரு கையில் துணியில் கட்டிய அடிப்பிடித்த சோறு.

“தங்கச்சி, இது விளையாட்டுக் காரியமில்ல,” என்றான் தூச்.

“நானும் விளையாட வரல. என் நாலு வயசுப் பிள்ளை மாமியார்கிட்ட இருக்கு. கத்தட்டுமா, வரட்டுமா?”

“வா, வா. சோறு இருக்குன்னு முதல்லயே சொல்லக்கூடாதா?”

அப்படித்தான் மூன்று பேரானார்கள்.

தூச் முன்னால் நடந்தான். கையில் நீளமாக ஒரு மூங்கில். அவன் மிதித்த தடத்தில் மலீஸ், அவள் மிதித்த தடத்தில் சாரூன். மாட்டுத்தடமோ ஒற்றையடிப் பாதையோ ஓடையைக் குறுக்கே வெட்டும் இடங்களில் தூச் நிற்பான், குனிந்து மணலை வெகுநேரம் பார்ப்பான், பாதையைத் தொடாமல் பாறை மேல் தாவுவான். மனுஷன் நடக்கிற இடத்தில்தான் மனுஷனுக்குக் குழி வெட்டுவான் என்பது அவன் கணக்கு. ஓடை மணலில் யாரும் நடப்பதில்லை, அதனால் பயமில்லை.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. யாரும் துரத்தி வரவில்லை. ஓடிப்போனவர்களைக் காடே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. தூச்சுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“வாத்தியாரே, சரித்திரம்னியே, அதுல என்ன சொல்லிக் குடுப்பே?”

“ராஜாக்கள். அவங்க கட்டின கோயில், வெட்டின ஏரி, போட்ட சாலை.”

“இந்த மலைமேலகூட ஒரு கோயில் இருக்காமே?”

“நிறைய இருக்கு. தொள்ளாயிரம் வருஷத்துக் கோயில்.”

“அவ்வளவு கல்லை மேல யாரு தூக்கினது? ராஜாவா?”

சாரூன் மலையைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னை மாதிரி ஒருத்தனப் பிடிச்சு, மூணு மாச வேலைன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருப்பான்,” என்றான் தூச். “அது உன் புஸ்தகத்துல இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப அரைகுறைப் புஸ்தகம்.”

மலீஸ் வாய்விட்டுச் சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்து அதுதான் முதல் தடவை என்று பின்னால் சாரூனிடம் சொன்னாள்.

இரண்டாம் நாள் கெண்டி காலியாயிற்று. மணலை முழங்கை ஆழம் தோண்டினால் கசியும் சேற்றைக் கிரமாவில் அள்ளிப் பிழிந்து ஆளுக்கு நாலு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டார்கள். அதிலும் மண்தான் அதிகம். சோறு தீர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் சாரூனுக்குக் குளிர் கண்டது. அந்த வெயிலில் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினான். தூச் அவன் இடுப்பில் கை கொடுத்து நடத்திக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் காலை எவ்வளவு தோண்டியும் சேறுகூட வரவில்லை. ஓடையும் அகன்று, தட்டையாகி, மூங்கில் காட்டுக்குள் நாலு கிளையாகப் பிரிந்துவிட்டது. எந்தக் கிளை ஆற்றுக்குப் போகிறது, எது சும்மா போய்க் காட்டில் முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. மலீஸின் உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அவள் நாக்கு தடித்துப்போய்ப் பேச்சு குழறியது.

“எங்க ஏரியில,” என்றாள், “வீட்டுத் தரையில ஓட்டை போட்டு வாளியை விட்டா தண்ணி. சனியன், அதுல துணி துவைச்சுத் துவைச்சுக் கை வலிக்குதுன்னு அழுதிருக்கேன்.”

தூச் மூங்கிலை ஊன்றிக்கொண்டு நின்றான். “வாத்தியாரே, இன்னிக்குத் தண்ணி கிடைக்கலன்னா இந்தப் பொண்ணு நாளைக்கு எந்திரிக்காது. நீயும்தான். உன் புஸ்தகத்துல வேற ஏதாச்சும் இருந்துச்சா?”

சாரூன் கண்ணை மூடிக்கொண்டான். காய்ச்சலில் மண்டை கொதித்தது. கரும்பலகை தெரிந்தது. அதில் அவன் கையாலேயே ஆயிரம் தடவை வரைந்த நாடு: நடுவில் ஏரி, மேலே மலை, மலைக்கு இந்தப் பக்கம் ஸ்ரெங் ஆறு. அப்புறம் ஒரு கோடு. பழைய ராஜாக்களின் தலைநகரிலிருந்து வடமேற்கே, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் வரை போகும் நேர்கோடு. சிவப்புச் சுண்ணக்கட்டியால் போடுவான்.

“சாலை,” என்றான். “எண்ணூறு வருஷத்துக்கு முந்தி ராஜா போட்டது. பழைய தலைநகரத்துலேர்ந்து மலைக்கணவாய் வரைக்கும். நாம அதுக்குக் கிழக்கேதான் இருக்கணும். மேற்கால நடந்தா அதை வெட்டியே ஆகணும்.”

“சாலையக் குடிக்கவா முடியும்?”

“சாலையில வரிசையா சத்திரம் கட்டினான். ஒவ்வொரு சத்திரத்துக்கும் பக்கத்துல ஒரு குளம். கோடையில வத்தாத மாதிரி வெட்டின குளம்.”

தூச் மலீஸைப் பார்த்தான். மலீஸ் தூச்சைப் பார்த்தாள். ஓடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது தூச் போட்ட சட்டம். அவன் மூங்கிலைத் தூக்கித் தோளில் வைத்தான்.

“சரி. ராஜா நம்மகிட்ட வாங்கின வேலைக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுக்கட்டும்.”

மேற்கே நடந்தார்கள். புதருக்குள் ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வைத்ததில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்போது தூச்சின் மூங்கில் எதிலோ மோதி ணங் என்றது. குனிந்து இலையை விலக்கினான். ஓட்டை ஓட்டையாகச் செம்புரைக் கல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, உளியால் சதுரமாக வெட்டியது. நிமிர்ந்து பார்த்தால், காட்டுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு மேடு, வடமேற்கிலிருந்து தென்கிழக்கே நூல் பிடித்த மாதிரி.

சாரூன் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டான். கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் காணாத ஒன்றை வருஷக்கணக்கில் பிள்ளைகளுக்கு உண்மை என்று சொல்லிக்கொடுத்தவன். அது இருந்தது. புத்தகத்தில் போட்ட இடத்திலேயே இருந்தது. அழுதான். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

“வாத்தியாரே,” என்றான் தூச், மேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு. அவன் குரலே மாறியிருந்தது. “நீ நெசமாவே வாத்தியார்தான்யா. அங்க பாரு, சத்திரம்.”

சாரூனுக்குக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் ஒரு சிவப்பு மங்கல்தான் தெரிந்தது. மலீஸ் பார்த்துச் சொன்னாள்: இடிந்த சுவர், அதில் ஒரு ஆலமரம், அதற்கு இப்பால் பச்சையாக, பச்சையாக ஏதோ. தாமரை. தாமரை இருந்தால் தண்ணீர்.

“வாங்க,” என்றான் தூச். மூங்கிலால் தட்டாமல், குனியாமல், கூடத்தில் நடக்கிறவன் மாதிரி சாலையில் நடந்தான். நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ.

சத்தம் அப்புறம்தான் கேட்டது என்று சாரூனுக்குத் தோன்றியது. முதலில் மண் மேலே எழும்பியது. மலீஸ் அவன் மேல் வந்து விழுந்தாள். புகை அடங்கினபோது தூச் சாலையில் உட்கார்ந்திருந்தான். வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான், யாருடைய காலோ போல.

அப்போதுதான் சாரூனுக்கு விளங்கிற்று. சரித்திரம் படித்தவனுக்கு மட்டும்தான் அந்தச் சாலை தெரியுமா? இந்தக் காட்டில் நடக்கிற துப்பாக்கிக்காரன் ஒவ்வொருவனும் மழைக்காலத்தில் கால் நனையாமல் நடக்க இந்த மேட்டைத்தான் தேடி வந்திருப்பான். அவனுக்கு எதிரியும் அதையேதான் நினைத்திருப்பான். எண்ணூறு வருஷமாகச் சாலை சாலையாகவே இருக்கிறது. அவன் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. அத்தனையும் சரியாக இருந்ததால்தான் தூச்சின் கால் போயிற்று.

தூச்சின் தடத்திலேயே தவழ்ந்து போய் அவனை மேட்டின் ஓரத்துக்கு இழுத்தான். தன் கிரமாவை அவன் தொடையில் இறுக்கிக் கட்டினான். கட்டு நனைந்தது. தூச்சின் கிரமாவை அதன் மேல் கட்டினான். அதுவும் நனைந்தது.

“தண்ணி,” என்றான் தூச்.

குளம் இருநூறு தப்படி தூரத்தில் இருந்தது. சாரூன் எழுந்தான். மலீஸ் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“உங்களுக்குக் கண்ணு தெரியாது. எதை மிதிக்கப் போறீங்க?”

“நான்தான இங்க கூட்டிட்டு வந்தேன். நான் போறேன்.”

“உங்களுக்குப் போய்ச் சேரணும்னு ஆசை, எனக்குத் தெரியுது. அப்புறம் அவருக்குத் தண்ணி யாரு குடுப்பா, அதையும் சொல்லுங்க.”

மலீஸ் கெண்டியை எடுத்துக்கொண்டாள். சாலையில் போகவில்லை. மேட்டை விட்டு இறங்கி, முள் அடர்ந்த பக்கமாக, மனுஷன் எவனும் போக நினைக்காத வழியாகக் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து போனாள். இருபது தப்படிக்குமேல் சாரூனுக்கு அவள் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி நகரும், நிற்கும், வெகுநேரம் நிற்கும். நின்ற போதெல்லாம் அவன் மூச்சும் நின்றது. மடியில் தூச்சின் தலை. பிறகு புள்ளியும் மறைந்துவிட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் வாழ்ந்த நாற்பத்து நாலு வருஷத்தில், அந்த நாலு வருஷக் கொலைகார ஆட்சியையும் சேர்த்து, அதைவிட நீளமான பொழுது ஒன்று இருந்ததில்லை. வெடிச் சத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று காது காத்துக்கிடந்தது. வரவில்லை. முள்ளுக்குள் சலசலப்பு கேட்டது. கையெல்லாம் கிழிந்து, கெண்டியை வாயால் கவ்விக்கொண்டு மலீஸ் வந்தாள்.

தண்ணீர் பச்சையாக இருந்தது. பாசி மிதந்தது. தூச் பாதிக் கெண்டியை ஒரே மூச்சில் குடித்தான். மீதியை அவர்களுக்குத் தள்ளிவிட்டு, “வாத்தியாரே, ஆறு எந்தப் பக்கம்?” என்றான்.

“கிழக்கே. பக்கத்துலதான்.”

“அந்தத் தண்ணி எங்க போகும்னே?”

“ஏரிக்கு.”

“அப்புறம்?”

“ஏரியிலேர்ந்து தெக்க இறங்கி, நோம் பென்கிட்ட மேகாங்ல சேரும்.”

“மேகாங்னா நம்ம ஊர் ஆறு.” தூச்சின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. “அப்ப நம்ம ஊர் வழியாத்தான் போகும். இல்ல?”

பிரேக் த்னோத் மேகாங் கரையில்தான் இருக்கிறது, ஆனால் தலைநகர் நோம் பென்னுக்கு மேற்போக்கில். ஏரித் தண்ணீர் ஒரு நாளும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் ஏரி ஆறு எதிர்த்திசையில் ஓடும்போது அந்த ஊர்த் தண்ணீர்தான் ஏரிக்கு வரும். திரும்பிப் போவது கடலுக்கு. நாலாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இதைத் தப்பாக எழுதிய பிள்ளைகளைச் சாரூன் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறான்.

“ஆமா,” என்றான். “நம்ம ஊர் வழியாத்தான் போகும்.”

தூச் மலீஸைப் பார்த்தான். அவள் ஏரிக்காரி, தண்ணீர் போகும் வழி தெரிந்தவள்.

“போகும் அண்ணே,” என்றாள் மலீஸ். “உங்க படித்துறையத் தொட்டுட்டுத்தான் போகும்.”

வெயில் சாய்வதற்குள் தூச் போய்விட்டான். தோண்டக் கருவி இல்லை. தோண்டவும் பயம். சாலையோரத்தில் கிடத்தி, பெயர்ந்து கிடந்த செம்புரைக் கற்களை எடுத்து மேலே அடுக்கினார்கள். ஒவ்வொரு கல்லையும் மெதுவாக அசைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். இருபத்தாறு கற்கள். அதற்குமேல் சாரூனின் கை எழும்பவில்லை.

வந்த தடத்திலேயே திரும்பி நடந்தார்கள். மறுநாள் ஆறு கிடைத்தது. குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் நடந்தார்கள். காய்ச்சல் வந்த நாட்களில் மலீஸ் அவனை மரத்தடியில் உட்கார வைத்துக் காத்திருந்தாள். வழியில் ஒரு கிழவி புளித்த மீன் விழுதோடு சோறு போட்டாள், யார் என்று கேட்கவில்லை. ஏரி தெரிந்ததும் மலீஸ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகுக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் பிள்ளைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பாட்டியின் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

மீன் படகில் சாரூனை ஏற்றிவிடும்போது மலீஸ் ஒன்றுதான் சொன்னாள்: “முதல்ல தூச் அண்ணன் வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டுக்கு அப்புறம் போகலாம்.”

ஊர்ப் படித்துறையில் இறங்கியபோதே ஊர்ப் பொறுப்பாளர் பார்த்துவிட்டார். தோளில் துப்பாக்கியோடு இரண்டு பேர் கூட இருந்தார்கள்.

“எப்படி வந்தே? விட்டாங்களா, ஓடி வந்தியா?”

பொய் சொல்லும் தெம்பு அவனிடம் இல்லை. “ஓடி வந்தேன்.”

“அப்ப திரும்ப அனுப்பணுமே. பனையேறிதான நீ?”

“இல்ல. வாத்தியார். எழுபத்தஞ்சு வரைக்கும் பூகோளம், சரித்திரம் சொல்லிக் குடுத்தேன்.”

பொறுப்பாளர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு மூளை இருக்கா? நாலு கிராமத்துக்கு வாத்தியார் கிடைக்காம நாங்க அலையறோம். வாத்தியார்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா உன் பேரே மலைக்கு அனுப்பற பட்டியல்ல வந்திருக்காது. நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா.”

சாரூன் தலையாட்டினான். ஒரு வார்த்தை. அவன் அந்த வார்த்தையை எழுதியிருந்தால் தூச் வேறு யாரோடாவது ஓடியிருப்பான். அவனுக்கு ராஜா போட்ட சாலையைப் பற்றிச் சொல்ல ஆள் இருந்திருக்காது. மூங்கிலால் தட்டித் தட்டிப் போய், தப்பினாலும் தப்பியிருப்பான். யாருக்குத் தெரியும்?

தன் வீட்டைத் தாண்டி நடந்தான். தூச்சின் மனைவி சியென் வயலில் இருந்தாள். முதல் மழை விழுந்திருந்தது. பாவாடைக்குப் பதில் தூச்சின் பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு, கலப்பையை அவளே பிடித்திருந்தாள். அவனைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினாள். அவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

சாரூன் எல்லாவற்றையும் சொன்னான். ஓடையை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனது தான்தான் என்பதை முதலில் சொன்னான். அவள் கலப்பையை விடவில்லை.

“நீங்க ஏன் முன்னால போகல?” என்று கேட்டாள்.

அவனிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. கண் தெரியாது, காய்ச்சல். அதைச் சொல்லவில்லை.

“சரி, நீங்க போறேன்னாலும் அவரு விட்டிருக்க மாட்டாரு,” என்றாள் சியென். கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “கடைசியா ஏதாச்சும் சாப்பிட்டாரா?”

“முந்தின நாள்லேர்ந்து ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சான்.”

“நல்ல தண்ணியா?”

“பச்சைத் தண்ணி. பாசி. ஆனா வேண்டிய மட்டும் குடிச்சான்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டு தடவை குலுங்கியது. பிறகு மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு மாட்டை அதட்டினாள். மாடு நகர்ந்தது. வயலின் மறுகோடி வரை போய்த் திரும்பினாள். சாரூன் இன்னும் வரப்பிலேயே நின்றிருந்தான்.

“அங்கயே நின்னுக்கிட்டு இருக்காதீங்க,” என்றாள். “வண்ணி தினமும் படித்துறைக்குப் போய்ப் பார்த்துட்டு வர்றா. இன்னிக்குன்னு பார்த்து வீட்டுல இருக்கா. வந்துட்டீங்கன்னு போய்ச் சொல்லுங்க.”

அவன் வரப்பில் நடந்தான். பின்னால் அவள் மாட்டை அதட்டும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.